உயர் அழுத்த டியூபுக்கு எஸ்.எஸ். ஃபிட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடி, ஆம்பூர் என்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டியூப் வேலையாகப் போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் ஏற்றி பிரஷர் சோதிப்பது) பம்பு வைத்திருப்பவராக இருக்கலாம், பாய்லர் டியூப் கழுவுகிற ஜெட்டிங் கான்ட்ராக்டராக இருக்கலாம், கல்லூரி லேபில் இருப்பவராகவும் இருக்கலாம், கேள்வி மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஹை பிரஷர், ஹை பிரஷர்னு எல்லாரும் சொல்றாங்க. எத்தினி கிலோவுக்கு மேல போனா ஹை பிரஷர்?

அப்படி ஒரே கோடு கிடையாது. கம்ப்ரசர்காரருக்கு 10 கிலோவே ஹை பிரஷர், டேனரி கழிவுநீருக்கு ஆர்.ஓ. ஓட்டுபவருக்கு 60 பார், வாட்டர்ஜெட்டில் கிரானைட் வெட்டுபவருக்கு 4,000 பார் அன்றாட சமாச்சாரம். அதனால் வார்த்தையை விட்டுவிட்டு நம்பரைச் சொல்லிப் பழகுங்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. நம் ஊரில் 'கிலோ' என்று சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அது கிட்டத்தட்ட ஒரு பார்தான் (சரியாகச் சொன்னால் 0.98). 1,000 பார் என்றால் 14,500 பிஎஸ்ஐ. மீட்டரில் இருப்பது பாரா பிஎஸ்ஐயா என்று பார்க்காமல் வெறும் '700' என்று போனில் சொல்லாதீர்கள், இரண்டுக்கும் நடுவே பதினாலரை மடங்கு இருக்கிறது.

ஃபிட்டிங் வாங்குகிற கணக்கில் மூன்று படி வைத்துக்கொள்ளலாம். சுமார் 10,000 பிஎஸ்ஐ வரை, அதுவும் சின்ன சைஸ்களில் மட்டும், சாதாரண இரட்டை ஃபெரூல் ஃபிட்டிங் (நட்டை இறுக்கும்போது டியூபைக் கடித்துப் பிடிக்கிற இரண்டு வளையம் உள்ளது). அதற்கு மேல் 20,000 வரை மீடியம் பிரஷர் கோன் வகை (ஃபெரூல் இல்லாமல் டியூபின் முனையையே கூம்பாகச் சீவி உட்கார வைப்பது). அதையும் தாண்டினால் 60,000 வரை ஹை பிரஷர் கோன் வகை. 15,000, 20,000 வரை போகிற கனமான ஃபெரூல் ஃபிட்டிங்குகளும் வந்துவிட்டன, ஆனால் அவற்றின் உதிரிகள் சாதாரண ரகத்தோடு சேராது.

அரை இன்ச் ஃபிட்டிங் குடுங்கன்னா, டியூபா பைப்பான்னு திருப்பிக் கேக்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. டியூபை வெளி விட்டத்தால் அளக்கிறோம், பைப்பைப் பெயரளவில். அரை இன்ச் டியூபின் வெளி விட்டம் 12.7 மில்லி, அரை இன்ச் பைப்பின் வெளி விட்டம் 21.3 மில்லி. கடையில் இரண்டையும் 'அரை இன்ச்' என்றுதான் சொல்வார்கள், எழுதித் தரும் துண்டுச் சீட்டிலும் அப்படியேதான் இருக்கும்.

இதைவிட ஆபத்தான குழப்பம் இன்ச் டியூபுக்கும் மில்லி டியூபுக்கும் நடுவில் நடப்பது. கால் இன்ச் என்பது 6.35 மில்லி. அதற்கான நட்டில் 6 மில்லி டியூப் தாராளமாக உள்ளே போகும், டைட் வைத்தால் ஃபெரூல் ஓரளவு கவ்வவும் செய்யும், குறைந்த பிரஷரில் கசியாமல்கூட நிற்கும். பிரஷர் ஏறியதும் டியூப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். 12 மில்லிக்கும் 12.7க்கும் இதே கதைதான். வெர்னியர் இல்லாமல் கண்ணால் சைஸ் சொல்பவரை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். மில்லி சைஸ் நட்டில் அடையாளத்துக்கு ஒரு சிறு படி போல வெட்டி விடுகிற கம்பெனிகள் உண்டு, கையில் எடுத்ததும் அதைத் தேடிப் பாருங்கள்.

ஃபிட்டிங் மேல பிரஷர் நம்பர் எதுவும் போடலையே சார். இது எத்தினி தாங்கும்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

எல்லாரும் ஃபிட்டிங்கைக் கேட்கிறார்கள், கேட்க வேண்டியது டியூபை. நல்ல இரட்டை ஃபெரூல் ஃபிட்டிங், அதில் மாட்டுகிற டியூப் தாங்கும் அளவுக்குத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது, அதனால்தான் டியூப் பக்கத்துக்கென்று தனி நம்பர் போடுவதில்லை. டியூப் எவ்வளவு தாங்கும் என்பதை வெளி விட்டமும் சுவர்க் கனமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

316 ரக ஸ்டீலின் சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) டியூபில், அறை வெப்பத்தில், கேட்டலாக்குகள் தருகிற கணக்கு இது: கால் இன்ச் டியூப் 0.89 மில்லி கனம் என்றால் 5,100 பிஎஸ்ஐ, 1.24 மில்லி என்றால் 7,500, 1.65 மில்லி என்றால் 10,200. இப்போது அதே 1.65 மில்லி கனத்தை அரை இன்ச் டியூபில் வையுங்கள், 5,100க்கு இறங்கிவிடும். விட்டம் இரட்டிப்பானால் தாங்கும் பிரஷர் பாதியாகிறது. "பெரிய டியூப் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று அரை இன்ச் கேட்டு வருகிறவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும். கேஜ் கணக்கில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கேஜ் நம்பர் ஏற ஏறக் கனம் குறையும், 20 கேஜ் 16 கேஜைவிட மெல்லியது.

அப்புறம் ஃபிட்டிங்கின் மறுமுனையைப் பாருங்கள். ஒரு பக்கம் டியூப், மறுபக்கம் மரை என்றால், மரைப் பக்கத்தின் ரேட்டிங் தனி. 316ல் கால் இன்ச் என்பிடி (சரிவாகக் கூம்பிப் போகிற பைப் மரை) ஆண் மரை, அதாவது வெளியே வெட்டியது, 8,000 பிஎஸ்ஐ வரை போகும், பெண் மரை, அதாவது உள்ளே வெட்டியது, சுமார் 6,600 தான், ஏனென்றால் மரை வெட்டிய பிறகு அங்கே சுவர் மெலிந்துவிடுகிறது. 10,200 தாங்கும் டியூபைக் காசு கொடுத்து வாங்கி அதன் முனையில் பெண் மரை அடாப்டரைப் போட்டால், உங்கள் லைன் 6,600 லைன்.

304 போட்டா ஆகாதா? 316க்கு எதுக்குக் கூட காசு குடுக்கணும்?

பிரஷர் மட்டும்தான் கேள்வி என்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் உப்பில் இருக்கிறது. 316ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், குளோரைடு உப்பு ஸ்டீலின் மேல்படலத்தைக் குத்தி ஊசி முனை அளவுக்குக் குழி போடுவதை அது தள்ளிப்போடும். மெல்லிய சுவருள்ள உயர் அழுத்த டியூபில் ஒரு ஊசிமுனைக் குழி போதும்.

இதை சென்னைத் துறைமுகத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் பக்கம் "கடல் எங்கே இருக்கு, உப்பு எங்கேர்ந்து வரும்" என்று கேட்கிறார்கள். உப்பு போட்டுத்தான் தோல் வருகிறது, அதை ஊற வைத்துக் கழுவுகிற முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரைக்கும் பாலாற்று ஓரத்து நிலத்தடி நீர் என்ன ஆனது என்பது 1996ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்கிற அளவுக்குப் போன விஷயம். டேனரி ஷெட்டுக்குள்ளோ ஆர்.ஓ. ஹாலிலோ ஓடும் லைன் என்றால் 304 பேச்சே வேண்டாம். உள்ளே போவது சுத்தமான எண்ணெய், லைன் இருப்பது காய்ந்த ஷெட்டுக்குள் என்றால் 304ல் தாராளமாக முடிக்கலாம், அங்கே 316 விற்க வருபவரிடம் ஏன் என்று கேளுங்கள். உப்போடு சூடும் சேர்ந்தால், அதாவது சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், 316கூட விரிசல் விடும். அந்த இடத்துக்கு டூப்ளெக்ஸ் மாதிரி வேறு உலோகம் யோசிக்க வேண்டும்.

காந்தம் வச்சுப் பார்த்துட்டேன் ணா, ஒட்டலை. அப்போ 316 தானே?

காந்தம் 304யும் 316யும் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் ஒட்டாது. மாங்கனீஸ் அதிகம் போட்டுச் செய்கிற மலிவான 200 வரிசை ஸ்டீலிலும் ஒட்டாது, அதுதான் பெரிய சிக்கல். திருப்பியும் ஏமாறலாம்: நல்ல 304 டியூபைக் குளிர்நிலையில் இழுத்தோ வளைத்தோ இருந்தால் லேசாக ஒட்டும், அதைப் பார்த்துப் போலி என்று தள்ளிவிடுவார்கள்.

கடையில் செய்யக்கூடியது மாலிப்டினம் சொட்டு மருந்து டெஸ்ட், சின்ன கிட்டாகக் கிடைக்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிஎம்ஐ கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், துப்பாக்கி மாதிரி இருக்கும், சில நொடியில் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பரும் (உலையில் ஒரு தடவை உருக்கிய ஸ்டீலுக்குக் கொடுக்கிற எண்) டியூபின் மேல் அச்சடித்திருக்கும் ஹீட் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலைக்கு வேலை செய்து பழகிய பட்டறைகளுக்கு இது புதிதல்ல. மற்றவர்கள் சர்டிபிகேட்டை ஃபைலில் போட்டுவிட்டு டியூபைப் பார்ப்பதே இல்லை.

ரெண்டு ரிங் உள்ள ஃபிட்டிங்கை எவ்வளவு டைட் வைக்கணும்? எங்க ஃபிட்டர் முழு பலத்தையும் போடறார்.

பலத்தால் அளக்கிற வேலை இல்லை இது, சுற்றால் அளக்கிற வேலை. டியூபை நேராக வெட்டுங்கள், உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுங்கள், ஃபிட்டிங்குக்குள் அடியில் முட்டும் வரை தள்ளுங்கள். இந்த முட்டுவதில்தான் பாதி லீக் பிறக்கிறது, நட்டு லேசாகப் பிடித்ததும் டியூப் முட்டிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, மார்க்கரால் நட்டின் மேல் ஆறு மணி இடத்தில் ஒரு கோடு போடுங்கள். உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி, அதற்கு மேல் கால் சுற்று, கோடு ஒன்பது மணிக்கு வந்து நிற்கும். கால் இன்ச் முதல் ஒரு இன்ச் வரைக்கும் இந்த ஒன்றேகால் சுற்றுதான். அதைவிடச் சின்ன டியூபுக்கு, 3/16 இன்ச் வரை, முக்கால் சுற்று மட்டும்.

முடித்த பிறகு கேப் கேஜ் என்கிற சின்னத் தகட்டை நட்டுக்கும் உடலுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இன்னும் டைட் தேவை, நுழையாவிட்டால் சரி. முதல் முறை மாட்டும்போது மட்டும்தான் இந்தக் கேஜ் செல்லும். நட்டு நடுவழியில் கிறீச்சென்று சத்தம் போட்டு இறுகினால் நிறுத்திவிடுங்கள், ஸ்டீல் மேல் ஸ்டீல் உரசி ஒட்டிப்பிடிக்கிறது என்று அர்த்தம், மேலே திருகினால் மரை போய்விடும்.

டியூப் ஃபெரூலைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஃபெரூல் டியூபைக் கடித்துத்தான் பிடிக்கிறது. ஏஎஸ்டிஎம் ஏ269 (எஸ்.எஸ். டியூபுக்கான தரம்) படி ராக்வெல் பி அளவில் 90 வரை கடினம் இருக்கலாம், ஃபெரூல் வேலைக்கு 80 அல்லது அதற்குக் கீழே கேட்டு வாங்குவது நல்லது.

நட்டு ஒரு கம்பெனி, ஃபெரூல் இன்னொரு கம்பெனி, பாடி வேற. எல்லாம் கால் இன்ச் தானே, சேராதா?

மரை சேரும், அதனால்தான் ஆபத்து. ஃபெரூலின் கோணம், கடினம், அது எவ்வளவு தூரம் நகர்ந்து டியூபைக் கடிக்கும் என்பதெல்லாம் அந்தந்தக் கம்பெனி தன் பாடிக்கும் நட்டுக்கும் வைத்த கணக்கு. ஸ்வேஜ்லாக்கோ பார்க்கரோ உள்நாட்டு நல்ல தயாரிப்போ, எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு முழு செட்டும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கலந்துபோட்ட ஜாயிண்டுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏற்காது, மேலே சொன்ன ஒன்றேகால் சுற்றுக் கணக்கும் அதற்குச் செல்லாது. ஸ்டோரில் ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருப்பதுதான் இதன் மூலகாரணம், அதை முதலில் பிரியுங்கள்.

டெஃப்லான் டேப் எல்லா திரெட்டுக்கும் சுத்தணுமா?

சரிவாகக் கூம்பிப் போகிற என்பிடி மரைக்கு மட்டும்தான் வேண்டும். டியூப் பக்கத்து நட்டில் சுற்றவே கூடாது. அங்கே சீல் ஆவது ஃபெரூலில், மரையில் இல்லை, டேப் போட்டால் நட்டு எங்கே நிற்கிறது என்பதே பொய்யாகிவிடும். கோன் வகை ஃபிட்டிங்கிலும் டேப் கிடையாது. என்பிடியில் சுற்றும்போது முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள், துண்டு கிழிந்து உள்ளே போனால் கடைசியில் ஏதாவது வால்வில்தான் போய் உட்காரும்.

டேப் சுற்றிச் சுற்றியும் லீக் நிற்காவிட்டால் என்பிடியில் பிஎஸ்பி (இன்னொரு வகை பைப் மரை) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என்பிடி மரையின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பி 55. அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்கும் ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால் சுகமாகத் திருகி ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும். கால் இன்ச்சில் 18, 19 என்று மாறுவதால் சில சுற்றிலேயே சிக்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மரை கேஜ் ஒன்று பையில் இருக்கட்டும்.

6000 கிளாஸ்னு போட்டிருக்கு. 6000 பிஎஸ்ஐ தாங்கும்னு தானே அர்த்தம்?

இல்லை. ஃபோர்ஜ்ட் பைப் ஃபிட்டிங்கில் வரும் 2000, 3000, 6000, 9000 எல்லாம் ஏஎஸ்எம்இ பி16.11 என்கிற தரம் வைத்திருக்கிற வகுப்புப் பெயர்கள். எந்தக் கனமுள்ள பைப்போடு அது ஜோடி என்பதைச் சொல்கின்றன, உண்மையான பிரஷர் அந்தப் பைப்பின் உலோகம், கனம், வெப்பத்தைப் பொறுத்தது. ஒரே 3000 கிளாஸ் ஃபிட்டிங் கால் இன்ச்சில் ஒரு பிரஷரும் இரண்டு இன்ச்சில் வேறு பிரஷரும் தாங்கும். முன்னே சொன்ன டியூப் கணக்குதான் இங்கேயும்.

வாட்டர்ஜெட்டுக்கும் பெரிய டெஸ்ட் பம்புக்கும் ஃபெரூல் இல்லாம கூர்மையா சீவின டியூப் வருதே, அது இன்னா?

அதுதான் கோன் அண்ட் திரெட். டியூபின் முனையை 59 டிகிரியில் கூம்பாகச் சீவி, ஃபிட்டிங்குக்குள் 60 டிகிரி குழியில் உட்கார வைப்பார்கள். அந்த ஒரு டிகிரி வித்தியாசத்தால் முழு முகமும் படாமல் ஒரு மெல்லிய வளையம் மட்டும் உலோகத்தோடு உலோகமாக நசுங்கி சீல் ஆகிறது. ரப்பர் கிடையாது, டேப் கிடையாது. டியூபின் வெளியே மரை வெட்டி காலர் ஒன்றை ஏற்றுவார்கள், அந்த மரை இடது கை மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருக வேண்டும். புதுப் பையன்கள் வலதுபக்கம் திருகி மரையைக் கெடுப்பது இங்கேதான். காலரை ஏற்றிய பிறகு கூம்புக்கும் காலருக்கும் நடுவே ஒன்றிரண்டு மரை வெளியே தெரிய வேண்டும், காலர் கூம்பு வரை ஏறி முட்டியிருந்தால் டியூப் சரியாக உட்காராது. பின்னாலிருந்து கிளாண்ட் நட்டு காலரைத் தள்ளிப் பிடிக்கும். கிளாண்ட் மரையில் உரசல் தடுக்கும் கிரீஸ் பூசி, டார்க் ரெஞ்சால் (எவ்வளவு முறுக்கு என்று அளந்து இறுக்கும் ஸ்பேனர்), கேட்டலாக் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

டியூபும் வேறு ரகம். 60,000 பிஎஸ்ஐ கால் இன்ச் டியூபின் உள் விட்டம் 0.083 இன்ச், இரண்டு மில்லி சொச்சம், மீதியெல்லாம் சுவர். குளிர்நிலையில் இழுத்துக் கடினமாக்கிய 316. அதை எடுத்து ஃபெரூல் ஃபிட்டிங்கில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள், கூடாது, மென்மை பற்றிச் சொன்ன காரணம்தான். இன்னொன்று, 20,000 கோனும் 60,000 கோனும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. ஆர்டர் போடும்போது வெளி விட்டத்தோடு உள் விட்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஃபிட்டிங் பாடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதுல தண்ணி சொட்டுது. எம்சீல் வச்சு அடைச்சிட்டேன், நின்னுடுச்சு. சரிதானே?

உடனே பிரஷரை இறக்கி அந்த அடைப்பை எடுங்கள். அது வீப் ஹோல், வேண்டுமென்றே போட்ட ஓட்டை. கூம்பு சரியாக உட்காரவில்லை என்றால் கசிகிற நீர் மரைக்குள் சிக்கிப் பிரஷர் ஏறாமல் வெளியே வர வழி அது. அடைத்துவிட்டால் உள்ளே கூம்பின் சின்ன வட்டத்தில் நிற்க வேண்டிய பிரஷர் மரை முழுக்கப் பரவி, கிளாண்ட் நட்டை டியூபோடு சேர்த்துத் தூக்கி எறியப் பார்க்கும்.

சொட்டினால் பிரஷரைப் பூஜ்யத்துக்கு இறக்கி டார்க் சரிபாருங்கள். அப்படியும் நிற்கவில்லையா, கழற்றிக் கூம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறலில்லாத வட்டக்கோடு தெரிய வேண்டும். குறுக்கே கீறல் இருந்தால் முனையை வெட்டிப் புதிதாகச் சீவ வேண்டியதுதான், எமெரி தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்கிற விஷயமில்லை.

ஜாயிண்டு லீக் இல்லை, ஆனா நட்டுக்குப் பக்கத்துல டியூப் கட்டாயிடுது. மாசாமாசம் மாத்தறோம்.

அது அதிர்வு. பிளஞ்சர் பம்பு ஒவ்வொரு அடிக்கும் டியூபை ஆட்டுகிறது, ஆட்டம் வந்து முடிகிற இடம் நட்டின் வாய், அங்கேதான் உலோகம் களைத்துப்போய் விரிசல் விடும். இன்னும் கனமான டியூப் போட்டுப் பிரயோஜனமில்லை. பம்பிலிருந்து வெளியே வந்த உடனேயும் ஒவ்வொரு வளைவுக்கு இரண்டு பக்கமும் கிளாம்ப் வையுங்கள், பம்பு இருக்கும் அதே சட்டத்திலேயே முதல் கிளாம்ப் இருக்கட்டும், சுவரில் வைத்தால் பம்பு ஆடும் சுவர் ஆடாது. கோன் வகையில் அதிர்வு தாங்கும் தனி கிளாண்ட் கிடைக்கிறது, டியூபை கோலெட் போலச் சுற்றிப் பிடித்து மரை வெட்டிய இடத்துக்கு ஆட்டம் போகாமல் தடுக்கும். வளைவை நட்டுக்கு ஒட்டியே போடுவதும், டியூபை இழுத்து நெம்பி ஃபிட்டிங்கில் நுழைப்பதும் இதே வியாதிக்கு வேறு இரண்டு காரணங்கள். கழற்றிப் பாருங்கள், டியூப் தானாக ஃபிட்டிங்குக்கு நேராக நிற்க வேண்டும்.

டெஸ்ட் பண்றதுக்கு போர் தண்ணி போதாதா? இல்ல காத்துலயே பண்ணிடலாமா?

போர் தண்ணீரை முதலில் லேபில் கொடுத்துப் பாருங்கள். எஸ்.எஸ். லைன் ஹைட்ரோ டெஸ்டுக்குப் பெரிய கம்பெனி ஸ்பெக்குகளில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் என்று கேட்பது வழக்கம், நம் பகுதியில் வாயில் வைத்ததும் கரிக்கிற போர் தண்ணீர் அதற்குப் பக்கத்திலேயே வராது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், டெஸ்ட் முடிந்ததும் வடித்து ஊதிக் காய வையுங்கள். வளைவில் தேங்கிய தண்ணீர் காய்ந்து காய்ந்து உப்பு கூடிக்கொண்டே போவதுதான் டியூபைத் தின்கிறது. ஏஎஸ்எம்இ பி31.3 (பைப் லைனுக்கான விதி) படி தண்ணீர் டெஸ்ட் டிசைன் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு. பிரஷர் ஏற்றும் முன் உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

காற்றில் டெஸ்ட் வேண்டாம். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, ஜாயிண்டு விட்டால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். காற்று அமுங்கி, சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும், விட்டால் வெடி.

லேசாத்தான் கசியுது. பிரஷர் இருக்கும்போதே கால் சுத்து டைட் வச்சா என்ன?

வைக்கக் கூடாது, பிரஷரை இறக்க நட்டைத் தளர்த்தவும் கூடாது, லீக் எங்கே என்று விரலால் தடவவும் கூடாது. ஊசித்துளையிலிருந்து வரும் நீரோ எண்ணெயோ கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீளக் குச்சியில் கட்டிக் காட்டிப் பாருங்கள், அதுவும் பிரஷரைக் குறைத்த பிறகு.

ஒருவேளை யாருக்காவது கையில் பாய்ந்துவிட்டால் காயம் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், ரத்தம்கூட வராது, அவரே "ஒண்ணுமில்லை" என்று வேலைக்குத் திரும்பப் பார்ப்பார். விடாதீர்கள். உள்ளே எண்ணெய் பரவி சில மணி நேரத்தில் கை வீங்கி, ஆபரேஷன் தாமதமானால் விரல் போய்விடும். பிளாஸ்திரி ஒட்டி மாத்திரை கொடுக்கிற கிளினிக் வேண்டாம், கை அறுவை சிகிச்சை தெரிந்த இடத்துக்கு நேராகப் போங்கள். தொழுநோயாளிகளின் கைகளுக்கு டாக்டர் பால் பிராண்ட் அறுவை சிகிச்சை செய்து வழிகாட்டிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி நம் வேலூரிலேயே இருக்கிறது. என்ன திரவம், எத்தனை பார் என்று ஒரு தாளில் எழுதி ஆளோடு அனுப்புங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒரு தடவை மாட்டினதைக் கழட்டித் திரும்ப மாட்டலாமா?

தாராளமாக. ஃபெரூல் டியூபில் நிரந்தரமாகக் கடித்துவிட்டது, அதை அப்படியே பழைய இடத்தில் மாட்டலாம். கழற்றும் முன் நட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு வரை கொண்டுவந்து, இறுக்கம் கூடுவது தெரிந்ததும் லேசாக ஒரு பிடி. மறுபடி ஒன்றேகால் சுற்று போடாதீர்கள்.

காலேஜ் லேப்ல எச்பிஎல்சி இருக்கு சார், 1/16 இன்ச் எஸ்.எஸ். டியூப். ஃபிட்டிங்கை ஒரு காலத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினதும் பீக் எல்லாம் அகலமா வருது, லீக் கிடையாது.

நல்ல கேள்வி. எச்பிஎல்சி என்பது பிரஷரில் திரவத்தை ஓட்டி சாம்பிளைப் பிரித்துக் காட்டுகிற கருவி, காலம் (column) என்பது அதில் பிரிப்பு நடக்கிற குழல், பீக் (peak) என்பது திரையில் வரும் முகடு. மேலே சொன்னபடி ஸ்டீல் ஃபெரூல் கடித்தால் அந்த இடத்தில்தான் நிற்கும். ஃபெரூலுக்கு முன்னால் டியூப் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது முதல் காலத்தின் குழி ஆழத்துக்கு ஏற்ப அமைந்துவிட்டது. இரண்டாவது காலத்தின் குழி அதைவிட ஆழமென்றால் டியூப் அடியில் முட்டாது, நடுவில் காலியிடம் உண்டாகி சாம்பிள் அங்கே சுழன்று கலங்கும், பீக் அகலும். ஆழம் குறைந்த குழியென்றால் ஃபெரூல் உட்காராமல் லீக் ஆகும். ஒவ்வொரு காலத்துக்கும் புது ஃபெரூல், அந்தக் காலத்திலேயே வைத்து இறுக்கியது, அல்லது பிரஷர் அனுமதித்தால் கையால் இறுக்கும் பிஇஇகே (PEEK) பிளாஸ்டிக் ஃபிட்டிங்.

ஆக்ஸிஜன் லைனுக்கும் இதே ஃபிட்டிங்கைப் போடலாமா?

ஃபிட்டிங் அதே மாடலாக இருக்கலாம், சுத்தம் அதே இல்லை. ஆக்ஸிஜனுக்கென்று எண்ணெய் நீக்கி, கவரில் அடைத்து வருவதை மட்டும் போடுங்கள். சிலிண்டரிலிருந்து 150 பாரில் வரும் ஆக்ஸிஜன் ஒரு சொட்டு கிரீஸைப் பற்றவைத்துவிடும். வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்வதும் இதனால்தான், சட்டென்று திறந்தால் லைன் முனையில் வாயு அமுங்கிச் சூடேறும்.

லைன் சூடா ஓடும். கேட்டலாக்ல போட்ட பிரஷர் அப்படியே நிக்குமா?

200 டிகிரி வரை 316ல் இழப்பு சொற்பம். 425 டிகிரி பக்கம் போனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கேட்டலாக்கின் பின்பக்கத்தில் பெருக்க வேண்டிய எண் இருக்கும், அதால் பெருக்குங்கள்.

பழைய மார்க்கெட்ல ஹை பிரஷர் ஃபிட்டிங் கிலோ கணக்குல கிடைக்குது, பளபளன்னு இருக்கு. வாங்கலாமா?

பளபளப்பு பாலீஷ் போட்டால் வரும். உடலில் கம்பெனி அடையாளம், உலோகக் குறி, ஹீட் கோடு மூன்றும் படிக்க முடிகிற மாதிரி இருந்தால் மேலே பேசலாம், இல்லையென்றால் அது ஸ்கிராப், ஸ்கிராப் விலைதான். அடையாளம் இருந்தாலும் கோன் வகையைத் தொடாதீர்கள், எத்தனை லட்சம் அடி பிரஷர் ஏறி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது, களைப்பு வெளியே தெரிகிற வியாதி இல்லை. உள்ளே முன்பு என்ன ஓடியது என்பதும் தெரியாது, ஆக்ஸிஜன் பக்கம் கொண்டே போகாதீர்கள்.

ஃபெரூல் வகை பாடி மட்டும், மரையும் உள் சரிவும் கீறலில்லாமல் இருந்தால், அதே கம்பெனியின் புது நட்டும் புது ஃபெரூலும் வாங்கிப் போட்டு டிரெயின் லைனுக்கோ 10 கிலோ காற்று லைனுக்கோ ஓட்டலாம். அதற்குத் தனி டப்பா வைத்து, நட்டில் சிவப்புப் பெயிண்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், ராத்திரி ஷிப்டில் அவசரமாகத் தேடுகிறவர் அதை எடுத்து டெஸ்ட் பம்பில் மாட்டிவிடப் போகிறார்.